சிக்னல் எட்டாத அறை

புதுப் பெட்டிக்குச் சந்தனம் தீற்றி, அதன் நடுவில் குங்குமம் வைத்துவிட்டு மாமா ஓரடி பின்னால் போய் நின்று பார்த்தார். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது போலிருக்கிறது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இந்த வீட்டுக்குள் வருகிற எதுவும் பொட்டில்லாமல் வேலையை ஆரம்பித்ததில்லை. மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மாமாவின் பீங்கான் பட்டறைக்கு வந்த மண் அரைக்கிற மெஷின், போன வருடம் மருமகளாக வந்த நான், எல்லோரும் அப்படித்தான் உள்ளே வந்தோம்.

இப்போது வந்திருப்பவை இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஏற்கனவே இருக்கிற வைஃபையை வாங்கி வீடு முழுக்கப் பரப்புமாம். மெஷ் என்று பெயர். மாமாவின் தங்கை மகன் பிரவீன்குமார் பாண்டிச்சேரியிலிருந்து வாங்கி அனுப்பியிருந்தான்.

"ஒரு பொட்டி பழைய ரூட்டர் பக்கத்துல. இன்னொண்ணு நெட்டு வராத எடத்துல. அவ்ளோதாம்மா. இனிமே நீ எங்கயும் போவ வேணாம்," என்றார் மாமா.

எவ்வளவு நிம்மதியாகச் சொன்னார். நான் பெட்டி வந்த அட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

நான் சென்னையில் ஒரு கம்பெனிக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கிறவள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. விருத்தாசலத்தில் எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. முன்கட்டு மாமாவின் அப்பா கட்டியது, ஒரு முழம் கனமான செங்கல் சுவர். நடுக்கட்டு பட்டறை நன்றாக ஓடிய காலத்தில் மாமா கட்டியது. கடைசி அறை எங்கள் கல்யாணத்துக்காகக் கட்டியது. கேபிள்காரர் ரூட்டரை முன்கட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார். அங்கிருந்து கிளம்புகிற சிக்னல் என் அறைக்கு வருவதற்குள் செத்துவிடும். மீட்டிங்கில் நான் பாதி வாய் திறந்தபடி உறைந்து நிற்பேன். எங்கள் டீம் தலைவி பூர்ணிமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "இந்த மாசத்துக்குள்ள நெட்டு சரியாகலன்னா ஆபீஸுக்கே வந்துடு பூங்கோதை. பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு பெட்டு சொல்லி வைக்கிறேன்," என்றாள். அவள் அதை எச்சரிக்கையாகத்தான் சொன்னாள். நல்ல வேளை, அந்த நேரத்தில் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

இந்த வீட்டில் யாரும் என்னைக் கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். நான் இருமினால் இஞ்சி டீ வரும். தெருக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டால் "எங்கம்மா கெளம்பிட்ட?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குளியலறையில் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால் அத்தை வந்து கதவைத் தட்டி "தல சுத்துதா?" என்பார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் மாமா வெளியே வண்டியில் உட்கார்ந்து என் செருப்புக்குக் காவல் இருப்பார். என் கணவர் அன்புச்செல்வன் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வருவார், சாப்பிடுவார், "ஒனக்கு இங்க என்ன கொற?" என்று உண்மையாகவே கேட்பார், தூங்குவார். ஒரு குறையும் இல்லை. மூச்சு முட்டியது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவேன். நான் எந்த நிறுத்தத்தில் இறங்குவேன் என்று அந்த பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு வேண்டியது அதுதான். இதைப் போய் யாரிடம் சொல்வது?

அதனால் நெட்டு சரியில்லை, சென்னைக்குப் போயாக வேண்டும் என்று சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போக ஆசையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நாலு நாள் அழுகை, ஒரு பஞ்சாயத்து, ஏதோ ஒன்று நடந்து முடிந்திருக்கும். நான் காரணம் சொன்னேன். அதுவும் யாரிடம்? சூளையிலிருந்து ஒரு பீங்கான் பியூஸ் கட்டை விரிசலோடு வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு, சூடு எந்தப் பக்கம் குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் சாப்பிட உட்காராத மனிதரிடம். ஆசையைச் சரிசெய்யப் பெட்டி எதுவும் விற்பதில்லை. நெட்டைச் சரிசெய்ய விற்கிறார்கள்.

மாமா இரண்டாவது பெட்டியை என் அறையில், கட்டிலுக்கு மேல் இருக்கிற அலமாரித் தட்டில் வைத்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தோம். சிவப்பாகவே எரிந்தது.

"நெட்டு இல்லாத எடத்துலதான வச்சிருக்குது. இருட்டுல தான வெளக்கு வைக்கணும்?" என்று மாமா தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரியும். நான் இருந்த ஹாஸ்டலில் இதே மாதிரிப் பெட்டிகள் மாட்டினார்கள். இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்துப்போன இடத்தில் வைக்கக் கூடாது, சிக்னல் நன்றாக இருக்கும்போதே பாதி வழியில் வைத்துவிட வேண்டும், அது வாங்கித்தான் அடுத்த பக்கம் கொடுக்க முடியும் என்று மாட்ட வந்தவர் வார்டனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நடுக்கட்டில் வைத்தால் போதும். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா பட்ட பாடு கொஞ்சமில்லை. பெட்டியைத் திருப்பி வைத்தார். பீரோ மேல் வைத்தார். ஜன்னல் கம்பியில் சணலால் கட்டிப் பார்த்தார். பிரவீன்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசினார். அவனோ வேறு ஏதோ வேலையில் இருந்துகொண்டு, "ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா," என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான். பட்டறையில் சூளை அடுக்குவதை ஆட்களிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்துவிடுவார். என் அறை வாசலில் நின்று ஒரு தரம் செருமிவிட்டுத்தான் எட்டிப்பார்ப்பார். சிவப்பைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிடும். எனக்கு ஒரு பக்கம் வெட்கமாக இருக்கும். இன்னொரு பக்கம், எந்தப் பையை எடுத்துக்கொண்டு போவது, பெரியதையா சின்னதையா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

மாதம் முடிகிற நேரத்தில் ஒரு காலையில் மாமா கொத்தனார் சாமிதுரையோடு வந்து நின்றார். என் அறைக்கும் நடுக்கட்டுக்கும் இடையில் இருக்கிற சுவரில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டார்.

"இந்தச் செவுருதான் தடுக்குது. ஒரு ஜன்னல் அளவுக்குத் தொறந்து வுட்டா வந்துடும்."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "புதுச் செவுருங்க. புள்ள கல்யாணத்துக்குன்னு பாத்துப் பாத்துக் கட்டுனது."

"செவுரு போனா கட்டிக்கலாம் ராஜாம்பா. அந்தப் புள்ளைக்கு வேல போச்சுன்னா? இல்ல, மெட்ராஸ்ல ஹாஸ்டல் சோத்துக்கு அனுப்பி வச்சிட்டு நமக்கு இங்க சோறு எறங்குமா?"

சாமிதுரை உளியை வைத்து முதல் அடி அடித்தார். காரை பெயர்ந்து என் தலையணையில் விழுந்தது. நான் அந்தச் சதுரத்தையே பார்த்தேன். அது திறந்துவிட்டால் நடுக்கட்டில் டிவி பார்க்கிறவர்களுக்கு என் கட்டில் தெரியும். கட்டிலில் படுத்திருக்கிற எனக்கு அவர்கள் தெரிவார்கள். மாமா தூசிக்காக மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, என்னைப் பார்த்து "சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிடும்மா" என்று சைகை காட்டினார். என்னைப் பேச வைத்தது அவர் மேல் வந்த இரக்கமா, ஜன்னல் மேல் வந்த பயமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

"இருங்க மாமா. அந்தப் பொட்டிய நடுக்கட்டுல வச்சிப் பாப்பமா?"

அடி நின்றது. நானே பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் நடுக்கட்டில் தையல் மெஷின் மேல் வைத்து, சொருகினேன். சிவப்பு மினுக்கியது. மினுக்கி மினுக்கி, வெள்ளையாக நின்றது.

மாமா என் அறைக்கு ஓடிப்போய்த் தன் போனைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்து சுவரில் இருந்த சாக்பீஸ் சதுரத்தைத் துண்டால் துடைத்தார். சாமிதுரைக்குக் காபி கொடுக்கச் சொல்லி அனுப்பிவைத்தார். ஆலையில் இருந்த மகனுக்குப் போன் போட்டார். பிரவீன்குமாருக்குப் போட்டார். "ஒங்க எல்லாரையும் வுட என் மருமவளுக்குத்தான்டா மூள," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நான் தலையணை உறையைக் கழற்றி உதறினேன்.

அத்தை துடைப்பத்தோடு வந்தார். விழுந்த காரையை முறத்தில் கூட்டி அள்ளினார். அள்ளி முடித்தும் எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே கேட்டார்.

"ஒனக்கு மொதல்லயே தெரியும்தான?"

நான் தலையணையை உறைக்குள் திணித்தேன்.

"இத்தன நாள் சொல்லாதவ, இப்ப ஏன் சொன்ன?"

திட்டுகிற குரல் இல்லை அது. எனக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்த ஒருத்தி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டது போலிருந்தது. நான் பதில் தேடுவதற்குள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

மத்தியானம் மீட்டிங். பூர்ணிமாவின் முகம் முதல் தடவையாக உறையாமல் வெட்டாமல் அசைந்தது. அவள் நெற்றியில் ஒரு பரு இருந்ததுகூட எனக்குத் தெரிந்தது.

"ஏய், பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கே. அப்பாடா, இனிமே கவலை இல்ல. ஹாஸ்டல்ல சொல்லி வச்சிருந்த பெட்டை வேற பொண்ணு கேட்டுட்டே இருந்தா, அவளுக்குக் குடுத்துடறேன். நீ நிம்மதியா வீட்டுலயே இரு," என்றாள்.

"தேங்க்ஸ்," என்றேன். அதுவும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. வாசலில் மாமா செருமினார். எல்லாம் சரியா என்று கையால் கேட்டார். சரி என்று தலையாட்டினேன். அவர் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது. இப்படிப்பட்டவரை எப்படி வெறுப்பது?

மீட்டிங் முடிந்ததும் போனை மட்டும் எடுத்துக்கொண்டு, சிக்னல் எங்கே சாகிறது என்று பார்க்கக் கொல்லைப்பக்கம் போனேன். திரையின் மூலையில் வைஃபையின் கோடுகள் முழுதாக இருந்தன. துணிக்கொடியைத் தாண்டினேன். முழுதாகவே இருந்தன. முருங்கை மரத்தடியிலும் அப்படியே. கடைசியில் மதில் வந்துவிட்டது. மற்ற ஊர்களில் மதில் மேல் பாட்டில் சில்லு பதிப்பார்கள். எங்கள் ஊரில் உடைந்த பீங்கான். பட்டறையில் கழித்த பியூஸ் கட்டைகளின் சில்லுகள் வெயிலில் வெள்ளை வெளேரென்று நின்றன. துவைக்கிற கல்லின் மேல் ஏறினேன். புடவைத் தலைப்பை முழங்கைக்குச் சுற்றிக்கொண்டு, சில்லுகளுக்கு மேலாகக் கையை நீட்டி, போனை அந்தப் பக்கத்துக் காலி மனையின் பக்கமாகப் பிடித்தேன். அங்கே கருவேலஞ் செடியைத் தவிர யாருமில்லை.

ஒரு கோடு குறைந்தது.

குதிகாலை எழுப்பி இன்னும் எட்டினேன். பீங்கான் விளிம்பு துணியைத் தாண்டிக் கைச்சதையில் அழுந்தியது. இரண்டாவது கோடு போவதும் வருவதுமாக இருந்தது.