பெரியவரை நிறுத்திய நாள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது சவுந்தரநாயகத்தின் மென்பொருள் கம்பனி. ஏழெட்டுப் பேர், ஒரு ஏசி, ஒரு பெரியவர். பெரியவர் என்றால் ஆளில்லை. மூலை மேசைக்குக் கீழே இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும் பழைய கொம்பியூட்டர். கம்பனியில் யார் எந்த நிரலை எழுதினாலும், அதைச் சோதித்துப் பார்த்து, வாடிக்கையாளருக்கு அனுப்பும் பொதியாகக் கட்டித் தருவது அவர்தான். அவருக்குள் என்னென்ன நிறுவியிருக்கிறது என்பது அவரை உருவாக்கிய தனஞ்சயன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனோ மெல்பேர்னில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டான். கேட்டால், "மறந்துபோச்சு மச்சான்" என்று பதில் போடுவான்.

ஆகவே பெரியவரில் யாரும் கை வைப்பதில்லை. கூட்ட வரும் பெண்ணின் தும்புத்தடிகூட அவரைச் சுற்றிக்கொண்டுதான் போகும். வாணி விழாவன்று எல்லாருடைய லப்டொப்பையும் மூடி சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும், பூசை முடியும்வரை தொடக்கூடாது என்பது சவுந்தரநாயகத்தின் சட்டம். பெரியவருக்கு மட்டும் விலக்கு. அவர் ஓடிக்கொண்டே சந்தனப் பொட்டு வாங்கிக்கொள்வார்.

இந்தச் சலுகை அங்கே வேலை செய்யும் மிதுனாவுக்குப் பிடிக்கவேயில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்குகிறவள் அவள். எதையும் பயந்து பயந்து காப்பாற்றுவது அவளுக்கு ஆகாது. "சேர், கம்பனியையே ஒரு மெஷின்ட தலையில கட்டி வச்சிருக்கிறோம். அது படுத்தா நாங்களும் படுத்தோம்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சவுந்தரநாயகம் முகத்தைச் சுளித்தார். ஆனால் "சரி, செய்து காட்டும்" என்றார்.

அவள் செய்தது இதுதான். யாராவது நிரலை அனுப்பியதும், இணையத்தில் எங்கோ ஒரு வெற்று மெஷின் வாடகைக்கு எழும்பும். நிரல்கள் எழுதியிருக்கும் பைதன் மொழியில் எத்தனையாம் பதிப்பு, கூடவே நூலகங்கள் என்கிற ஆயத்த நிரல்களில் எவையெவை என்று மிதுனா எழுதி வைத்தபடி ஒவ்வொன்றாக அதில் இறங்கும். பிறகு சோதனை, பிறகு பொதி. எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை, பிழையென்றால் சிவப்பு. வேலை முடிந்ததும் அந்த மெஷின் இருந்த இடம் தெரியாமல் அழிந்துவிடும். அடுத்த முறைக்கு இன்னொரு வெற்று மெஷின். எழுதி வைக்காத எதுவும் அதற்குள் இராது.

கேட்க இலகுவாகத்தான் இருக்கிறது. முதலில் அவள், "புதிதாக வந்திருக்கும் பைதனைப் போடு" என்று எழுதிவிட்டாள். சில கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒரு திங்கட்கிழமை பைதனின் புதிய பதிப்பு வெளியாக, பாதி நூலகங்கள் அதோடு ஒத்துப்போகாமல் திரை முழுக்கச் சிவந்தது. சவுந்தரநாயகம் மூலையைப் பார்த்து, "எங்கட ஆள் ஓடுறார்தானே" என்றார். அதற்குப் பதிலாக நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். மிதுனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன்மீதே. பெரியவரைக் குடைந்து, அவரிடம் இருப்பது எந்தப் பதிப்பென்று கண்டுபிடித்து, அதையே இலக்கத்தோடு எழுதினாள். அவருடைய வயிற்றில் வேறென்னென்ன கிடக்கிறது என்பதையும் ஒன்று விடாமல் பார்த்து வைத்தாள். பக்கத்து மேசை ரிஷாத் இதற்கு வைத்த பெயர், மேடை கட்டுகிற வேலை. ஆடுகிறவர்களைத்தான் சனம் பார்க்குமாம். அது அவளுக்குச் சுட்டது, ஏனென்றால் உண்மை.

வாணி விழாவுக்கு முதல்நாள் எல்லாரும் கூடியிருந்தபோது சவுந்தரநாயகம் கேட்டார்.

"அப்ப பிள்ளை, இந்த முறை பெரியவரையும் நிப்பாட்டிப் பூசைக்கு வைக்கலாமோ?"

கேலியா, உண்மையா என்று தெரியவில்லை. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"ஓம் சேர். நிப்பாட்டுங்க."

சொன்ன பிறகுதான் யோசித்தாள். தவறினால் பெரியவர் திரும்பிவிடுவார், அதற்குப் பிறகு இந்தக் கம்பனியில் அவளுடைய பேச்சை ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

மறுநாள் காலை சவுந்தரநாயகம் தன் கையாலேயே பெரியவரை நிறுத்தினார். உறுமல் நின்ற பிறகுதான் கடலோரம் போகிற ரயிலின் சத்தம் அறைக்குள் கேட்டது. பிரசாதக் கடலையும் அவலும் தயாராக இருந்தன. ஊதுபத்தி கொளுத்துகிற நேரம் பார்த்து போன் அடித்தது. ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றம் வைத்திருக்கும் பௌஸி. அவருடைய வாசலில் லொறிகளுக்கு அனுமதிச் சீட்டு அடிப்பது இவர்களுடைய மென்பொருள்தான்.

"சேர், பாஸ்ல திகதி பிழையா விழுது. இண்டைக்கு எடுத்த பாஸ் நேத்தே முடிஞ்ச மாதிரிக் காட்டுது. செக்கியூரிட்டிக்காரன் ஒரு லொறியையும் வெளிய விடுறான் இல்ல. ரோட் வரைக்கும் லைன் நிக்குது!"

சவுந்தரநாயகம் சரஸ்வதி படத்தைப் பார்த்தார், பிறகு ரிஷாத்தை. "அவ கோவிக்கமாட்டா. உம்மட லப்டொப்பை எடும்."

ரிஷாத் கெட்டிக்காரன். திகதிப் பிழையைப் பிடித்து, திருத்தி, தன் லப்டொப்பில் ஓட்டிப் பார்த்தான். சீட்டு அழகாக வந்தது. அனுப்பினான். எங்கோ ஒரு வெற்று மெஷின் எழும்பியது. பைதன் இறங்கியது, நூலகங்கள் இறங்கின, சோதனை தொடங்கியது.

சிவப்பு.

"என்ட லப்டொப்ல நல்லா ஓடிச்சே!" என்றான் ரிஷாத். அவன் திரும்ப அனுப்பினான். திரும்பவும் சிவப்பு. போன் மறுபடி அடித்தது.

சவுந்தரநாயகம் எழும்பி மூலைக்குப் போனார். "பரவாயில்லை பிள்ளை. நல்ல முயற்சிதான். இப்ப பெரியவரிலை கட்டி அனுப்புவம், மிச்சத்தைப் பிறகு பாப்பம்." குனிந்து, பெரியவரை எழுப்பும் ஆளியில் கையை வைத்தார்.

அந்த "பரவாயில்லை"தான் அவளுக்குத் தாங்கவில்லை. மிதுனா ரிஷாத்தின் திரையில் விழுந்திருந்த வரிகளை நிதானமாக, அடியிலிருந்து மேலாக வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள். 

"வேணாம் சேர். கையை எடுங்க."

 முதலாளியிடம் அப்படிப் பேசியவர்கள் அங்கே இல்லை.

"இது பழுதாகல்ல. சரியாத்தான் சொல்லுது. ரிஷாத், திகதிக்கு ஒரு நூலகம் பாவிச்சீங்கதானே? அத உங்கட லப்டொப்ல எப்பயோ போட்டிருக்கிறீங்க. ஆனா எங்கட பட்டியல்ல எழுதல்ல. எழுதாதது அங்க இல்ல, அதான் சிவப்பு."

ரிஷாத் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட, ஓம்!"

"அப்ப பெரியவரிலை?" என்றார் சவுந்தரநாயகம், இன்னும் குனிந்தபடியே.

"பெரியவர்ல பச்சை வந்திருக்கும். தனஞ்சயன் அண்ணா அதையும் போட்டுத்தான் வச்சிருக்கிறார், நான் பாத்தனான். நாங்களும் சந்தோசமா அனுப்பியிருப்போம். பௌஸி நானாட மெஷின்ல அது இல்ல, சேர். பட்டியல்ல உள்ளது மட்டும்தான் அங்க போகும். இப்ப திகதிதான் பிழை. பெரியவர்ல கட்டி அனுப்பியிருந்தா, பாஸே வந்திராது. கேட் முழுக்க நிண்டிருக்கும்."

சவுந்தரநாயகம் ஆளியிலிருந்து கையை எடுத்தார். மெல்ல நிமிர்ந்தார்.

ரிஷாத் பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினான். எல்லாரும் கடலையை மறந்து ரிஷாத்தின் கதிரைக்குப் பின்னால் வந்து குவிந்தார்கள். பைதன் இறங்கியது. நூலகங்கள் இறங்கின, புதியதும் சேர்ந்து. சோதனை ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டு வந்தது, கடைசியில் பொதியும் கட்டி முடிந்தது. எல்லாரும் பச்சைக்குத்தான் கை தட்டினார்கள். மிதுனாவுக்கோ பெருமையெல்லாம் அந்தச் சிவப்பின்மேல். ஊர் முழுக்கச் சரியென்றாலும் பிழையைப் பிழையென்று சொல்லுகிற ஒன்றை அவள் கட்டி வைத்திருக்கிறாள். கண் கலங்கியது, அதை அவள் ஒளிக்கவுமில்லை.

கொஞ்ச நேரத்தில் பௌஸி எடுத்தார். லொறிகள் நகரத் தொடங்கிவிட்டனவாம். "உங்கட மெஷின் கெட்டி சேர், மாஷா அல்லாஹ்!"

எப்போதும் இந்த இடத்தில் சவுந்தரநாயகம் மூலையைப் பார்த்துச் சிரிப்பார். இன்றைக்குப் பார்க்கவில்லை.

"மெஷின் இல்லை பௌஸி. எங்கட மிதுனா. உங்கட கேட்டை அடியோட நிப்பாட்ட இருந்த ஒரு பிழையை வாசலிலேயே மறிச்சுப்போட்டா."

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "மற்ற வாடிக்கையாளர்மாரின்ட வேலையையும் இதுக்கு மாத்துவமோ?"

"மாத்தலாம் சேர். ஆனா பெரியவர இனிப் போடக்கூடாது. அவர் இருந்தா, சிவப்பு வாற நேரமெல்லாம் எல்லாரும் அவரிட்டத்தான் ஓடுவீங்க."

 அவர் மூலைக்குப் போய், முழந்தாளிட்டு, சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினார். மறுமுனையையும் கழற்றினார். தூசி படிந்த அந்த வயரை வேட்டியில் துடைத்து, வளையமாகச் சுற்றி, அவளுடைய கையில் கொடுத்தார்.

"இதை நீரே வைச்சிரும், பிள்ளை. என்ட கையிலை இருந்தா, பயத்திலை ஒருநாள் செருகிப்போடுவன்."