பழனிக்குமார் கணக்கின் கடைசி ஓட்டம்

"இறந்துபோன ஒருவர் தினமும் சாயங்காலம் நம் கணினியில் வேலை பார்க்கிறார். இதற்கு இந்தியா என்ன விளக்கம் சொல்கிறது?"

குழுத் தலைவி ஹெலென் கேட்டு முடித்ததும் திரையில் இருந்த எல்லா முகங்களும் முகமது யாசினை நோக்கித் திரும்பின.

திண்டுக்கல் பேகம்பூரில், தன் வீட்டு மாடியறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் யாசினுக்கு வியர்த்தது.

ஒன்பது நாடுகள் சேர்ந்து வாங்கிய ராட்சதக் கணினி அது. இருப்பது வடக்கே ஒரு குளிர் தேசத்தில். மழை, நோய், நிலநடுக்கம் என்று ஆராய்ச்சி செய்பவர்கள் அதில் நேரம் கேட்டு வரிசையில் நிற்பார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் என்று பங்கு பிரிப்பது இந்தக் குழு. நாட்டுக்கு ஓர் உறுப்பினர். இந்தியாவுக்கு யாசின்.

இறந்துபோனவர் பழனிக்குமார். யாசினோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். திண்டுக்கல் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எங்கே, எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தான். காலையில் பைக்கில் போய்க் கிணறுகளை அளந்து அளவைக் கணினிக்கு அனுப்புவான். சாயங்காலம் அவன் எழுதிய நிரல் தானாகக் கிளம்பி ஓடி, கணக்கை முடித்து, முடிந்தது என்று ஒரு மெயில் போடும். போன ஆடியில் எரியோடு ஊரில் ஒரு கிணற்றை அளந்துவிட்டுத் திரும்பும்போது நாலுவழிச் சாலையில் லாரி மோதியது.

ஆள் போய்விட்டான். நிரல் நிற்கவில்லை.

"திட்டத் தலைவர் இறந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். விதி அதுதான்" என்றார் ஹெலென். "ஆண்டு ஆய்வில் நீங்கள் 'தொடர்கிறது' என்று குறித்திருக்கிறீர்கள், யாசின்."

"குறித்தேன்."

"புது அளவு எதுவும் வராததால் அது பழைய அளவையே திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறது. தெரியுமா?"

"தெரியும்."

நேபாள உறுப்பினர் பிமலா மெதுவாகச் சொன்னார்: "எங்கள் வெள்ள முன்னறிவிப்புத் திட்டம் வரிசையில் காத்திருக்கிறது. மழைக்காலம் நெருங்குகிறது."

யாசின் தலையைக் குனிந்துகொண்டான். நிரலை நிறுத்திவிடுவது என்று தீர்மானமானது. நாளை மறுநாள் கூட்டத்தில் பதிவு செய்துவிட்டு, அந்த நிமிடமே கணினியில் பழனிக்குமார் பெயரில் இருக்கும் கணக்கை வெட்டிவிடுவார்கள். அதற்குள் குடும்பத்துக்குச் சொல்லிவிட யாசின் அவகாசம் கேட்டான். கொடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் தாடிக்கொம்பு தாண்டி அகரத்துக்கு ஸ்கூட்டரை விட்டான்.

வாசலில் மல்லிகை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த பெருமாள்சாமி, பழனிக்குமாரின் அப்பா, நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, வெளிநாட்டு ஆபீசரு வாராரு! செத்த நேரம் முன்னாடி வந்திருந்தா மூட்டை தூக்க ஒரு ஆளாச்சு."

"தூக்கிருவேன்ப்பா. அப்புறம் என் இடுப்ப யாரு தூக்குறது?"

"அந்த மிசினு ஓடுதுல்ல?"

யாசின் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்தினான். "ஓடுதுப்பா."

"டீக்கடையில ஒரு பய நம்ப மாட்டேங்குறான். எம்மகன் போயும் வேலை பாக்குறான்டா, ஒன்னைய மாதிரி இருந்துக்கிட்டே சும்மா இல்லடான்னு சொல்லிட்டு வந்தேன்." சிரித்துக்கொண்டே மூட்டையைத் தோளில் ஏற்றி உள்ளே போனார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயந்து யாசின் செருப்பைக் கழற்றினான்.

பழனிக்குமாரின் மனைவி பவித்ரா வேடசந்தூர் மில் ஆபீஸில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். அடுப்படியில் தோசைக்கல்லும் மாவுப் பாத்திரமும் தயாராக இருந்தன. ஜன்னலில் சாய்த்து வைத்திருந்த போன் மீது அவள் கண் இருந்தது.

"உக்காருங்கண்ணே. இப்ப வந்திரும்."

கணக்கு முடிந்தது என்று வரும் அந்த மெயில் பழனிக்குமார் வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்குப் போகாது. இவள் போனுக்கு வரும். கல்யாணமான புதிதில் பழனிக்குமார் செய்து வைத்த ஏற்பாடு. கணக்கு முடிந்தால்தான் அவன் வேலையை விட்டுக் கிளம்புவான்; அவன் வீடு வந்து சேரும்போது கல் காய்ந்திருக்க வேண்டும். அதனால் கணினி அவளுக்கே நேராகச் சொல்லிவிடும்.

போன் சிணுங்கியது. பவித்ரா அடுப்பைப் பற்ற வைத்தாள்.

யாசின் சுவரோரம் உட்கார்ந்தான். "தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அதுல வர்ற கணக்கு..."

"தெனமும் நாப்பத்தொண்ணு" என்றாள் அவள், திரும்பாமலே. "எரியோட்டுக் கெணத்துல தண்ணி நாப்பத்தொரு மீட்டர் ஆழத்துல. ஐப்பசியில அம்புட்டு மழை பேஞ்சுச்சு. கெணத்துல கையால மோந்தாங்க. அன்னைக்கும் நாப்பத்தொண்ணுதான் வந்துச்சு. அவரு கடைசியா அளந்தது அது."

யாசின் ஜன்னலில் இருந்த போனை எட்டிப் பார்த்தான்.

"மாமாவுக்குத்தான் தெரியாது. நானும் சொல்லல." தோசையைத் திருப்பினாள். "நிறுத்தப் போறீங்களாண்ணே?"

"நாளைக்கு."

"வேற யாரும் காத்துக்கிட்டிருக்காங்களா?"

"நேபாளத்துல. வெள்ளம் வர்றத முன்னாடியே சொல்றதுக்கு."

அவள் தோசையை எடுத்துத் தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். சட்னி ஊற்றினாள்.

"அப்ப நிறுத்திருங்க. நிறுத்தும்போது என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. ஓடி முடிஞ்சாத்தான் மெயில் போடும்."

அவ்வளவு நேரம் தாங்கியவள் அப்போதுதான் உடைந்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கல்லில் ஊற்றிய அடுத்த தோசை தீய்ந்து புகைந்தது. யாசின் எழுந்து அடுப்பை அணைத்தான்.

வெகுநேரம் கழித்து அவன் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டியவன் பேசாமல் படியிறங்கினான். சாவு விழுந்த வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. இழவுக்கு வந்த அன்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததை, மாதங்கள் ஆகியும் இந்த வீட்டில் மட்டும் அவனால் விட முடியவில்லை.

"அண்ணே."

திரும்பினான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பவித்ரா நின்றாள்.

"சொல்லிட்டுப் போங்கண்ணே. சொல்லாமப் போறது அவரு ஒருத்தரோட போதும்."

"போயிட்டு வாரேன் தங்கச்சி" என்றான் யாசின்.

மறுநாள் கூட்டத்தில் அவன் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான். வெட்ட வேண்டாம். இன்று சாயங்காலம் ஒரே ஒரு ஓட்டம் முடியட்டும். பிறகு கணக்கை மூடிவிடலாம்.

"பயனில்லாத ஓட்டம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்" என்றார் ஹெலென். "காரணம் என்று குறிப்பில் என்ன எழுதுவது?"

"அவர் மனைவிக்கு மெயில் போகும். முடிந்தது என்று. அவர் விடைபெறாமல் போனவர்." அதற்கு மேல் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

கீழே பிரியாணிக் கடையில் அண்டா உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அடுத்து வரிசையில் நிற்பது நாங்கள்" என்றார் பிமலா. "ஒரு சாயங்காலம் காத்திருக்கிறோம்."

ஹெலென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காரணம்: குடும்பத்துக்கு அறிவிப்பு. எழுதிக்கொள்ளுங்கள்."

கடைசியாக ஒரு மெயில் வரும் என்று யாசின் சொல்லியிருந்தபடியே அன்று சாயங்காலம் அகரத்தில் போன் சிணுங்கியது. முடிந்தது. எரியோடு, நாற்பத்தொன்று. பவித்ரா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். கல்லைக் காய வைத்து ஒரு தோசை ஊற்றி, தட்டில் எடுத்து வைத்தாள். அதை யாரும் சாப்பிடவில்லை.

அதே நேரம் பேகம்பூரில் யாசின் 'நிறைவுற்றது' என்ற கட்டத்தை அழுத்தினான். அவன் மனைவி ஜீனத் டீயோடு மேலே வந்தபோது அவன் திரையை மூடிவிட்டு மேசையில் முகம் கவிழ்ந்திருந்தான். அவள் டீயை வைத்துவிட்டு அவன் முதுகில் கை வைத்தாள்.

அடுத்த நாள் பூ மார்க்கெட்டிலிருந்து வந்த பெருமாள்சாமி கால் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"என்னத்தா, இன்னைக்கு இன்னும் போன் அடிக்கல?"

"இனிமே அடிக்காது மாமா."

ஈரக் காலோடு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். "மிசினு நின்னு போச்சா?"

"வேலை முடிஞ்சிருச்சு. நேத்தே சொல்லிட்டாரு."

பெருமாள்சாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுவியது கால்தான். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு மெல்லக் கீழே உட்கார்ந்து, பழனிக்குமார் உட்காரும் பலகையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கல்லு காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு மாமா."

"அப்ப எனக்கு ரெண்டு ஊத்தும்மா."