பள்ளிகொண்டார் வண்டி

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சைக்கிள் என்றால் உயிர். மூக்குக்கண்ணாடி விற்பது வயிற்றுப்பாட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரைச் சாலையில் குனிந்து மிதிப்பதுதான் வாழ்க்கை என்று இருந்தார். ஊர் சைக்கிள் சங்கத்தில் அவரை யாரும் முந்தியதில்லை. முந்துவதுபோல் நெருங்கி வந்தவர்கள் உண்டு. அப்போது அவர் சீட்டைவிட்டு எழுந்து நின்று நாலு மிதி மிதிப்பார். வந்தவர்கள் வந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். சங்கத்துக்கென்று கட்டடம் கிடையாது. ரொட்டிக்கடைக்காரர்தான் தலைவர் என்பதால் அவர் கடையின் உட்சுவரில் ஒரு பலகை மாட்டி, ஆண்டுதோறும் ஒவ்வொருவராக ஓட்டவிட்டு நேரம் பார்க்கிற நேரப்போட்டியில் ஜெயித்தவர் பெயரை அதில் எழுதி வந்தார்கள். வாய்ப்பாடு எழுதியதுபோல் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்.

அவருக்கு வாய்த்த துணை மைத்துனன். மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். இருவரும் சேர்ந்து ஓட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஒருவர் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் அவருடைய முதுகு மறைவில் இளைப்பாறுவார். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். வாய் திறக்க வேண்டியதில்லை. முன்னால் போகிறவர் முழங்கையை லேசாக ஆட்டினால் போதும். "என்னைக் கட்டிக்கிட்டீங்களா, என் தம்பியைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று மனைவி கேட்பாள். கேட்டாலும் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தம்பியும் புருஷனும் எலியும் பூனையுமாக இருக்கிற வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள்.

ஒரு நாள் வேலையில் ஏணி சறுக்கி மைத்துனன் லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டான். கழுத்தெலும்பில் அடி. கை கால் விளங்குவதே பெரிய காரியம் என்ற டாக்டர், குனிந்து ஓட்டுகிற சைக்கிளை மட்டும் இனிமேல் நினைத்தே பார்க்காதே என்று சொல்லிவிட்டார். அவன் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கடைக்காரர் ஆரம்பத்தில் ஒவ்வொரு ஞாயிறும் சவாரி முடிந்த வியர்வையோடு போய் அவனைப் பார்ப்பார். அன்றைக்கு எப்படிக் காற்று அடித்தது, யார் எங்கே பின்தங்கினார்கள் என்று சொல்வார். சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டுச் சொல்வதைக் குறைத்தார். பிறகு போவதையே குறைத்துக்கொண்டார்.

கழுத்துப்பட்டை கழன்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தார் கூடுகிற பாலத்தடிக்கு அவனே வந்தான். வந்த வண்டியை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நீளமாக, தரையை ஒட்டி இருந்தது. சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் சாய்வு நாற்காலி. மிதிகட்டை காலுக்கடியில் இல்லாமல் முன்சக்கரத்துக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. துணி காயப்போடுகிற கொடிபோல அவ்வளவு நீளச் செயின். அதில் மல்லாந்து சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதித்து வந்தான். ஏதோ பத்திரிகையில் படம் பார்த்து, தன்னுடன் வேலை செய்யும் வெல்டரை வைத்துச் செய்ததாம். கழுத்துக்குக் கொஞ்சமும் வலி இல்லையாம். அதைச் சொல்லும்போது அவன் முகம் பூரித்திருந்தது.

முதலில் சிரித்தவர் கண்ணாடிக்கடைக்காரர்தான். "வாங்கப்பா, பெருமாளே பள்ளிகொண்டுட்டு வர்றாரு. ஆதிசேஷனை மட்டும் எங்கேயோ விட்டுட்டாரு," என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மைத்துனனும் சேர்ந்து சிரித்தான். அன்று முதல் சங்கத்தில் அவனுக்குப் பள்ளிகொண்டார் என்பதே பெயராகிவிட்டது. அன்றைக்கு அவன் சிக்னலில் நின்று கிளம்பத் தெரியாமல் இரண்டு தடவை சாய்ந்து விழுந்தான். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. அவனுக்கு வண்டி பழகிவிட்டது. ஒரு ஞாயிறு ஏரியிலிருந்து எதிர்க்காற்று முகத்தில் அறைகிறமாதிரி அடித்தது. சங்கத்து ஆட்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டு ஊர்ந்து போனார்கள். முன்னால் கண்ணாடிக்கடைக்காரர். அப்போது இடுப்புக்குக் கீழே, வலப்பக்கத்தில் செயின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். மைத்துனன் மல்லாந்து சாய்ந்தபடி, ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படிக்கிறவன்போலப் போய்க்கொண்டிருந்தான். "மாமா, வர்றீங்களா?" என்றான். மூச்சிரைக்காமல் கேட்டான். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

அவர் எழுந்து நின்று மிதித்தார். வழக்கமான நாலு மிதி நாற்பது ஆயிற்று. எப்படியோ அவன் பின்னால் ஒட்டினார். ஒட்டிப் பயனில்லை. அவ்வளவு தாழ்வாகப் போகிறவனுக்குப் பின்னால் மறைவு ஏது? காற்று முழுக்க அவர் நெஞ்சில்தான் மோதியது. பழக்கதோஷத்தில் அவன் முழங்கையை ஆட்டி இடம் மாற்றிக்கொள்ளக் கூப்பிட்டான். அவரால் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. கொஞ்சங்கொஞ்சமாக அவன் தூரத்தில் சின்னதாகி, ஏரி வளைவில் மறைந்தே போனான். சாலை முடிவில் அவர் போய்ச் சேர்ந்தபோது அவன் தண்ணீர் குடித்துவிட்டு அவருக்கும் ஒரு பாட்டில் நீட்டினான். அவர் தாகமில்லை என்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

அதன்பிறகு சங்கம் இரண்டுபட்டது. அது சைக்கிளா கட்டிலா என்று ரொட்டிக்கடையில் தினமும் வாக்குவாதம். வேகம் வண்டியுடையதே தவிரக் காலுடையது அல்ல என்பது கண்ணாடிக்கடைக்காரர் கட்சி. நிமிர்ந்து உட்கார்ந்து காற்றோடு மல்லுக்கட்டுகிறவனும், படுத்துக்கொண்டு காற்றுக்கு டிமிக்கி கொடுக்கிறவனும் ஒன்றா என்று கேட்டார். இரண்டும் இரண்டு சக்கரம், இரண்டும் மனுஷன் மிதித்துத்தான் ஓடுகிறது என்றார்கள் மற்றவர்கள். வாக்குவாதம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. மைத்துனன் சண்டை போடுகிறவன் இல்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "நான் காத்தைத்தானே மாமா ஏமாத்துறேன், உங்களையா ஏமாத்துறேன்?" என்று கேட்டான். அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

அந்த ஆண்டு நேரப்போட்டியில் தானும் ஓட்ட வேண்டும் என்று மைத்துனன் கேட்டான். பலகையில் பெயர் வேண்டாம், ஏரிக்கரைச் சாலையில் ஸ்டாப்வாட்ச் வைத்துத் தன் நேரத்தைச் சொன்னால் போதும் என்றான். கழுத்து உடைந்தவன் எவ்வளவு வேகம் போனான் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசை. அதில் தப்பென்ன என்று ரொட்டிக்கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நேர்மையாக இருந்திருக்கும். ஏரிக்கரையில் சாலை வேலை ஆரம்பிக்கப் போகிறார்களாம், ஜல்லி கொட்டினால் ஆபத்து, இந்தத் தடவை தண்ணீர்த்தொட்டி மேட்டுப் பாதையில் வைத்துக்கொள்வோம் என்றார். யாரும் போய் விசாரிக்கவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மேட்டுப் பாதையில் காற்று கிடையாது, ஏற்றம்தான். படுத்து ஓட்டுகிறவன் சமதரையில் ராஜா, மேட்டில் ஆண்டி. அவனால் எழுந்து நின்று உடம்பு பாரத்தை மிதிகட்டையில் போட முடியாது. முழங்கால்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

போட்டிக்கு முந்தின வாரம் அவன் கடைக்கு வந்தான். வாடிக்கையாளர் போகிறவரை காத்திருந்துவிட்டு, மேட்டுப் பாதை என்று சொன்னது அவர்தானாமே என்று கேட்டான். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சங்கத்தில் எடுத்த முடிவு என்றார். சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். "சரி மாமா," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

போட்டியன்று ஒவ்வொருவராக விட்டார்கள். மைத்துனன் அவருக்கு முன்னால் கிளம்பினான். பாதித் தூரத்தில், ஏற்றம் கடுமையாகிற வளைவில் அவர் அவனைப் பிடித்துவிட்டார். வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. நடந்து போகிறவன்கூட அவனைத் தாண்டிவிடலாம். முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. பல்லைக் கடித்து ஒவ்வொரு மிதியையும் பிடுங்கி எடுத்தான். அவர் பக்கத்தில் வந்ததும், கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, "போங்க மாமா, நல்லாப் போறீங்க," என்றான்.

அதில் குத்தல் இல்லை. சேர்ந்து ஓட்டிய காலத்தில் சொல்வதுபோலவே சொன்னான். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வளைவில் நாலு பேர் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சீட்டைவிட்டு எழுந்து நின்றார், மிதித்தார், போய்விட்டார்.

பலகையில் மறுபடி அவர் பெயர் ஏறியது. மைத்துனன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி மேடேறி வந்து சேர்ந்தான். பாதியில் இறங்கித் திரும்பியிருக்கலாமே என்று கேட்டவர்களிடம், ஆரம்பித்ததை முடிக்க வேண்டாமா என்றான். முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. டாக்டர் சரிசெய்தார், ஆனால் ஏணி ஏறுகிற காலாக அது திரும்பவில்லை. கம்பெனியில் அவனைப் புகார் போன் எடுக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள்.

சாலை வேலை என்று ஒன்று நடக்கவே இல்லை. ரொட்டி வாங்கப் போன மனைவியிடம் ரொட்டிக்கடைக்காரர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவள் வந்து பையை மேசையில் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"அவன் ஜெயிச்சிருந்தா உங்க கடை மூடிப்போயிருக்குமா?" என்றாள்.

இல்லை என்று அவர் தலையாட்டினார்.

"அப்புறம் ஏங்க?"

அவர் பையிலிருந்த ரொட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அவள் மட்டும் போய்வந்தாள். அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

அவர் மைத்துனனைத் தேடிப் போக வருஷங்கள் ஆயின. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது சும்மா இருப்பதில்லை, பாறாங்கல்லாகிவிடுகிறது. கடைசியில் ஒரு மாலை கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டுப் போனார். அவன் வராந்தாவில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தான். வாங்க மாமா என்று எழ முயன்றான். அவர் உட்கார வைத்தார். அவன் தலைமுடி நரைத்திருந்தது. அக்காவைப் பற்றி, கம்பெனியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

"ரோட்டு வேலைன்னு நான் சொன்னது பொய், மாப்ளே," என்றார் அவர்.

"தெரியும் மாமா. அன்னிக்கு உங்க கடைக்கு வந்ததே ஏரிக்கரையை ஒரு சுத்து பார்த்துட்டுத்தான்."

"பின்னே ஏன் மேட்டுக்கு வந்தே?"

அவன் தைலப் பாட்டிலை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திறந்து மறுபடி மூடினான். "நீங்க ஜெயிச்சிட்டா மனசு ஆறிடும், அப்புறம் நீங்களே என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு தடவை நேரம் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்," என்றான்.

 அந்த எதிர்க்காற்றில் தன்னால் அவனைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு வேகத்தை அந்தச் சாலையில் தான் பார்த்ததே இல்லை என்று சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான். தலை குனிந்தபடி, "இப்ப என்ன மாமா அதுக்கு," என்று மட்டும் சொன்னான். அவர் வண்டியைப் பற்றிக் கேட்டார். இடம் அடைக்கிறது என்று பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாகச் சொன்னான். உள்ளேயிருந்து அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு எழுந்தார். வாசல்வரை நொண்டியபடி வந்து வழியனுப்பினான். மரியாதைக்குக் குறைவில்லை. முன்பெல்லாம் அவன் அவரை வழியனுப்பியதே இல்லை, கூடவே கிளம்பிவிடுவான்.

இப்போது சங்கத்தில் சாய்வு வண்டிகள் நாலைந்து இருக்கின்றன. யாரும் சிரிப்பதில்லை. அவற்றுக்கென்று தனிப் போட்டி, ஏரிக்கரைச் சாலையில்தான். கண்ணாடிக்கடைக்காரர் போட்டியில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறார். முதல் தடவை அந்தப் போட்டி நடந்தபோது மைத்துனனுக்குப் போன் செய்து, காரில் வந்து கூட்டிப்போகட்டுமா என்று கேட்டார். அன்றைக்கு டூட்டி என்றான் அவன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு டூட்டி கிடையாது என்று அவருக்குத் தெரியும். சரிப்பா என்று வைத்துவிட்டார்.

அன்று ஒரு நர்ஸ் பெண் மஞ்சள் நிறச் சாய்வு வண்டியில் வந்து கோட்டைத் தாண்டினாள். அவர் நேரத்தைச் சொன்னதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. இந்தச் சாலையில் இதுவரை யாரும் இவ்வளவு வேகம் போனதில்லை என்று ரொட்டிக்கடைக்காரர் அறிவித்தார்.

"ஒருத்தன் போயிருக்கான்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "இதைவிட வேகமா. எதிர்க்காத்துல."

எவ்வளவு நேரம் என்று அந்தப் பெண் ஆவலாகக் கேட்டாள்.

"நேரம் பார்க்கலைம்மா," என்றார்.

சுற்றியிருந்த புது ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் தம்முடைய பழைய பெருமையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அவர் மனம் நோகாமல் சிரித்தார்கள். அவர் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வண்டி வளைவில் தெரிந்தது. குனிந்து ஸ்டாப்வாட்சைப் பார்த்தார்.