பலராமன் வாய்

ஆரணியில் கால்பந்து ரசிகர்கள் நாற்பத்து மூன்று பேர். இது வாட்ஸ்அப் குழுவின் கணக்கு. கோட்டை மைதானத்துக்கு வந்து வெயிலில் நிற்கிறவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஆட்டம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று பலராமனைக் கேட்டால் "ஒருத்தன்" என்பார். அது யார் என்று எவனும் கேட்டதில்லை. இத்தனைக்கும் அவர் பள்ளிக்கூடத்தில் ஆடியது ஒரே வருஷம். அதிலும் பாதி நாள் பந்துக்குக் காற்றடிக்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை செய்யாற்றோடு இறுதி ஆட்டம். ஆறு வருஷமாகக் கோப்பை செய்யாற்றில்தான் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கிற மரியாதைகூட நின்றுபோய்விட்டது. எப்படியும் திரும்பத் தூக்கிக்கொண்டு வரப்போகிறோம், எதற்கு வீண் சுமை என்று செய்யாற்றுக்காரர்கள் விட்டுவிட்டார்கள். ஆனாலும் இந்த வருஷம் ஆரணிக்காரர்களுக்கு நம்பிக்கை வந்திருந்தது. காரணம் கோல்கீப்பர் விக்னேஷ். சேவூர்ப் பையன், இருபத்து நாலு வயது. இந்தத் தொடரில் ஐந்து ஆட்டத்தில் ஒரே ஒரு கோல்தான் விட்டிருந்தான்.

அந்த விக்னேஷ்தான் புதன்கிழமை காலையில் குழுவில் ஒரு வரி போட்டான்: "நான் ஆடல. வேற ஆளப் பாத்துக்குங்க."

அரை மணி நேரத்தில் ஒன்பது பேரும் டீக்கடையில் கூடிவிட்டார்கள். தலைவர் தனசேகரன் பட்டுப் புடவை வியாபாரி; டீமுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்ததால் தலைவர். பலராமன் வீட்டுத் தறியில் இறங்குகிற புடவைகள் அவர் கடைக்குத்தான் போகும்.

"இன்னா காரணம்னு யாருக்காவது தெரியுமா?" என்றார் தனசேகரன்.

ஏழு பேர் பலராமனைப் பார்த்தார்கள். தனசேகரனும் அதற்கப்புறம் பார்த்தார்.

"என்ன ஏன் பாக்கறீங்க? நான் இன்னா பண்ணேன்?"

பண்ணியது இதுதான். போன வருஷ இறுதி ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, செய்யாற்றுக்காரன் தட்டிவிட்ட பந்து ஒன்று (அடித்ததுகூட இல்லை, தட்டிவிட்டது) விக்னேஷின் கால்களுக்கு நடுவே உருண்டு போய் வலையில் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் பலராமன் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. "இவன் காலு ரெண்டுக்கும் நடுவுல கண்ணமங்கலம் பஸ்ஸு போவும்டா. சும்மா போவாது. நின்னு, ஆள ஏத்திகினு, கண்டக்டரு டிக்கெட்டு கிழிச்சிகினு போவும்" என்று ஆரம்பித்து, அவன் நிற்கிற தோரணை, கையுறை, தலைவாரல் என்று ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. குழுவே சிரித்தது. பலராமனும் ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்டார். தன் குரலில் ஒரு கம்பீரம் இருப்பதாகவும் அவருக்குப் பட்டது.

அந்த மெசேஜ் எப்படியோ செய்யாறு போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தச் செவ்வாய்க்கிழமை செய்யாற்று ரசிகர்கள் ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, இறுதி ஆட்டத்துக்கு விளம்பரம் செய்ய ஆரணிக்கே வந்துவிட்டார்கள். "ஞாயிறு மாலை நான்கு மணி, அனைவரும் வருக" என்பதற்கு நடுநடுவே பலராமன் குரல். சேவூர்த் தெருக்களில் மட்டும் மூன்று சுற்று. விக்னேஷின் அம்மா பூங்காவனம் தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்று கேட்டார். அவனுக்கு நிச்சயம் செய்திருக்கிற பானுப்ரியாவின் வீடு நாலு வாசல் தள்ளித்தான். அங்கேயும் கேட்டது.

"பாலு கீறானே" என்றார் பலராமன், ஒரு வழி தேடி.

பாலு மாற்று கோல்கீப்பர். நல்ல உயரம், நல்ல பையன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

"பந்தப் பாத்தா கற்பூரத்தப் பாத்த மாதிரி கண்ண மூடிக்கறான்யா அவன்" என்றார் தனசேகரன். "ஒம்போது கோலு வாங்கிகினு வருவோம். நீ பேசனது, நீயே போயி கூட்டினு வா. ஜல்தி."

பலராமன் வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தார். மனைவி குணசுந்தரி தறிக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டினத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"தம்பி, நடந்தது நடந்துபோச்சி. இருந்தாலும் நீயும் அன்னிக்கி கால கொஞ்சம் ஒட்டி வெச்சிருந்தின்னா..."

"வேணாங்க. நீங்க போவாத இருக்கறதே மேலு."

"பின்ன இன்னாதான் சொல்றது?"

"மன்னிச்சிக்கோன்னு ஒரு வார்த்த."

"அது எனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும். சொல்லித்தான் கேட்டதில்ல. இருவத்தாறு வருசமா நானும் காத்துகினுதான் கீறேன்."

மறுநாள் மூன்று மணிக்கு பலராமன் சேவூர் நிறுத்தத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். விக்னேஷ் வேலை பார்ப்பது செய்யாற்று சிப்காட் தொழிற்பேட்டையில். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கினான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காலி டிபன் பாக்ஸ். இவரைப் பார்த்ததும் நின்றான்.

"சொல்லுங்க" என்றான்.

எப்போதும் 'வா மாமா, போ மாமா' என்கிற பையன். இந்த 'ங்க'வைக் கேட்டதும் பலராமன் மொபெட் ஸ்டாண்டை ஒரு தடவை எடுத்து, திரும்பப் போட்டார். மன்னிச்சிக்கோ என்கிற வார்த்தை தொண்டை வரை வந்து, அங்கே உட்கார இடம் பார்த்துக்கொண்டது.

"இன்னாடா, ஒரு ஆட்டோக்காரன் கத்திகினு போனதுக்கு எல்லாம் ரோஷப்பட்டா எப்டிடா? கோல்கீப்பர்னா தோலு தடியா இருக்க வேணாமா? ஒனக்கு இதான் கொறச்சலு..."

சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. குணசுந்தரி சொன்னதைக் கேட்டுப் போகாமலே இருந்திருக்கலாம்.

"எங்க சூப்பர்வைசரு சாப்பாட்டு டைம்ல போட்டுக் காட்டறான்" என்றான் விக்னேஷ். "செய்யாத்துக்காரன். லைன்ல எல்லாரும் டிபன் பாக்ஸ மூடிட்டு கேக்கறாங்க. எங்கம்மா ரெண்டு நாளா கொழாய்க்கு போறதில்ல. நான்தான் தண்ணி புடிக்கறேன். ஞாயித்துக்கெழம இன்னொரு கோலு உட்டன்னு வெச்சிக்குங்க, அடுத்த மெசேஜு எவ்ளோ நேரம் போடுவீங்க? அஞ்சி நிமிசம்?"

அவன் நடக்க ஆரம்பித்தான். பலராமன் மொபெட்டை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே பின்னால் ஓடினார். ஐம்பத்தொரு வயசு ஆசாமி, ஊருக்கே வாய் காட்டியவர், இப்படி ஓடுவதை யாராவது படம் எடுத்தால் அதுவே இரண்டு நிமிடம் நாற்பது வினாடி வரும் என்று அவருக்கே தோன்றியது.

"ரெண்டு வருசம் முன்னாடி கண்ணமங்கலத்துல மழையில ஆடனமே" என்று மூச்சு வாங்கினார். "முப்பத்தி நாலாவது நிமிசம். கார்னரு. ஒருத்தன் தலையால தட்டனான். நீ வலது பக்கம் போயிகினு இருந்த. போயிகினே திரும்பி, இடது கையி ரெண்டு வெரலால தட்டி கம்பிக்கு மேல உட்ட. போளூர்க்காரனோட ஆடறப்போ கடைசி நிமிசம் பெனால்ட்டி. நீ பாயல. நின்ன எடத்துலயே நின்ன. அவன் நேரா ஒம்மேல அடிச்சான். எல்லாரும் அதிர்ஷ்டம்னாங்க. அதிர்ஷ்டம் இல்ல. அவன் ஓடி வர்றப்பவே அவன் இடுப்பப் பாத்துட்ட நீ. போன வருசம் பைனல்லயே, அந்தச் சனியன் புடிச்ச கோலுக்கு முன்னால, பதினோரு பந்து புடிச்ச. பதினோரு. எட்டாவது பந்து, கால நீட்டி..."

விக்னேஷ் நின்றுவிட்டான்.

"போளூர் பெனால்ட்டி எனுக்கே மறந்துபோச்சி."

"எனுக்கு மறக்கல."

"அப்ப ஏன் மாமா அதெல்லாம் ஒரு நாளு கூட சொல்லல?"

பலராமன் மெய்யாகவே குழம்பிப்போனார். "அதெல்லாம் நல்லாத்தானேடா இருந்திச்சி. நல்லா கீறதப்போயி இன்னாத்த சொல்றது?"

அவர் தொழிலில் அப்படித்தான். புடவையை எடுத்துக்கொண்டு போனால் தனசேகரன் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். ஒரு இழை விட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசுவார், தாத்தா காலத்திலிருந்து ஆரம்பிப்பார். குறையே இல்லை என்றால் ஒரு வார்த்தை கிடையாது. மடித்து உள்ளே வைத்துவிடுவார். முப்பது வருஷத்தில் பலராமன் வாங்கிய பாராட்டெல்லாம் அந்த மடிக்கிற சத்தம்தான். அதைத்தான் இப்போது திக்கித் திக்கிச் சொன்னார்.

"நானு பொடவையா மாமா?" என்றான் விக்னேஷ்.

"இல்லடா."

"நாலு வருசமா எனுக்கு வெறுப்பாத்தான் இருந்திச்சி. எத்தினி பந்து புடிச்சாலும் கோலுக்குப் பின்னால நிக்கற ஒங்கிட்டேருந்து சத்தமே வராது. மாமாவுக்கு நம்மள புடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

பலராமன் தரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிக்கோடா" என்றார். அது கம்பீரமாக வரவில்லை. வேகாத கிழங்கை விழுங்குகிறவன் குரலில் வந்தது.

விக்னேஷ் டிபன் பாக்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"ஆடறேன். ஒரு கண்டிஷன். நீ எங்கோலுக்குப் பின்னால நிக்கக் கூடாது."

"வேற எங்க நிக்கறது?"

"அந்தாண்ட. அவங்க கோலுக்குப் பின்னால, அவங்க ஆளுங்க நடுவுல. அங்க நின்னு அவங்க கீப்பர பேசு. என்ன பேசன மாதிரியே பேசணும். ஒரு சொட்டு கொறையக் கூடாது."

"அடிப்பாங்கடா!"

"அடிக்கட்டும்."

"ஆஃப் டைம்ல கோலு மாறுமே?"

"நீயும் மாறு" என்று சொல்லிவிட்டு விக்னேஷ் வீட்டைப் பார்த்துப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு ஆரணி ரசிகர்கள் வழக்கமான வேலைகளை ஆரம்பித்தார்கள். ஒருவர் மேகத்தைப் பார்த்து மழை வரும், நமக்கு ராசியில்லை என்றார். இன்னொருவர் வெயில் அடிக்கும், அதுவும் ராசியில்லை என்றார். தனசேகரன் கோல் கம்பத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சாறு தன் பச்சைச் சட்டையிலேயே பீய்ச்சிக்கொண்டார். ஆறு வருஷமாக நசுக்குகிறார். பழத்தை மாற்றிப் பார்த்தாரே தவிர மூளையை மாற்றவில்லை. பலராமன் இதையெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, மைதானத்தின் மறுகோடிக்கு நடந்தார்.

அங்கே செய்யாற்றுக்காரர்கள் மூன்று வேன் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். தப்பட்டை, விசில், ஊதுகுழல். பலராமன் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் அடிக்குத் தயாரானார்.

"அட, வாய்ஸ் மெசேஜ் அண்ணன்டா!" என்று ஒருத்தன் கத்தினான்.

அடிக்கவில்லை. அதைவிட மோசம். தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். ஒரு பெரியவர் மோர் பாக்கெட் வாங்கிக் கையில் திணித்தார். "இன்னா ஒரு பேச்சு! எங்க வூட்டுல பசங்க சோறு துன்றப்போ அதத்தான் கேக்கறானுங்க" என்றார். செய்யாற்று கோல்கீப்பர் ராஜ்குமார், மீசை அரும்பின பையன், ஆட்டத்துக்கு முன்னால் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணா, என்ன ஒரு தடவ திட்டுங்கண்ணா. ஸ்டேட்டஸ்ல வெச்சிக்கறேன்."

வாழ்நாளில் இத்தனை மரியாதை பலராமனுக்குக் கிடைத்ததில்லை. ஊரை விட்டே ஓடிவிடலாம்போல் இருந்தது.

விசில் ஊதியது. பலராமன் எதிர்க்கோடியைப் பார்த்தார். நூறு மீட்டர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோல் கம்பங்களுக்கு நடுவே பச்சையாக ஒரு புள்ளி. அது விக்னேஷ்தானா, எலுமிச்சம்பழச் சாறு துடைக்கிற தனசேகரனா என்றுகூடத் தெரியவில்லை. இந்தப் பையன் பிடித்த பந்துகளில் அவர் பார்க்காதது ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு ஒன்றுகூடத் தெரியப்போவதில்லை. சேவூர் நிறுத்தத்தில் பயல் யோசித்தது இதைத்தான் என்று இப்போதுதான் உறைத்தது. அடி வாங்குவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கோடியில் கூட்டம் 'ஓ'வென்று எழுந்து, அப்படியே அடங்கியது. பச்சைப் புள்ளி தரையில் கிடந்தது. பலராமன் பக்கத்தில் நின்ற செய்யாற்றுக்காரன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாச்சி? போய்ட்சா? புடிச்சிட்டானா?"

"புடிச்சிட்டான்யா, பேமானி" என்றான் அவன் வயிறெரிந்து. "எங்கிருந்து பாஞ்சான்னே தெரியல."

"எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் பாஞ்சான்?"

"யோவ், கைய உடுய்யா!"

பலராமன் கையை விட்டார். பச்சைப் புள்ளி எழுந்து நின்றது, பந்தை உதைத்தது, இந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பார்க்கிறானா, கேட்கிறானா? இங்கே ராஜ்குமார் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தான், "ஆரம்பிங்கண்ணா" என்கிறதுபோல. நல்ல பையன். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், எங்கேயோ ஒரு குழாயடியில். அவனை என்னவென்று திட்டுவது?

தொண்டையைச் செருமினார். மோர் வேறு கட்டிக்கொண்டிருந்தது.

"டேய் ராஜ்குமாரு!" என்று மறுகோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினார் பலராமன். "இன்னாடா இங்க இளிச்சிகினு நிக்கிற? அந்தாண்ட திரும்பிப் பார்றா! கோல்கீப்பர்னா எப்டி நிக்கணும்னு அந்தாண்ட ஒருத்தன் நின்னு காட்டிகினு கீறான், கண்ணு நல்லா தெரியற வயசுதானே ஒனக்கு, பாத்து எனுக்கும் சொல்றா!"