சுவாமிதாஸ் இறக்கிய பாட்டுகள்

"பாட்டுக்கு எடை உண்டா ராகேலே? ஒண்ணு சொல்லு, கேப்பம்."

"எடை இல்லாமலா அந்தப் பெட்டி இப்படி முக்குது? தொறக்க ஒரு மணிக்கூர், மூட ஒரு மணிக்கூர்."

"பழசாயிட்டு. நானுந்தான் பழசாயிட்டேன், மெதுவாத்தான் எழும்புதேன். அதுக்கும் பாட்டைக் குத்தம் சொல்லுவியா?"

"உங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

நேமத்து வீட்டின் முன்னறையில் புதன்கிழமை காலை இப்படித்தான் விடிந்தது. மாமனார் சுவாமிதாஸுக்கும் மாமியார் ராகேலுக்கும் நடுவில், கம்ப்யூட்டர் முன்னால், ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மருமகள் லிபி உட்கார்ந்திருந்தாள். கணவன் ஜெயனுக்கு எர்ணாகுளத்தில் வேலை; சனிக்கிழமைதான் வருவான். அவன் காலேஜில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவன் போன பிறகு அது அப்பாவுடையதாகிவிட்டது.

லிபிக்கு வெள்ளிக்கிழமை ஒரு டெஸ்ட் இருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் செய்யும் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஓர் ஆபீஸில் இருந்து அதையே செய்தவள், குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாள். இப்போது மகன் ஸ்கூலுக்குப் போகிறான்; வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு கம்பெனி சொல்கிறது. ஆனால் எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யப் போகிறாளோ அதிலேயேதான் டெஸ்டும் எழுத வேண்டும்.

மாதிரி டெஸ்டை அப்போதுதான் போட்டுப் பார்த்திருந்தாள். காதில் டாக்டர் நோயாளியின் நெஞ்சைச் சோதித்து முடித்து வயிற்றுக்கு வந்துவிட்டார். திரையில் நெஞ்சே இன்னும் வரவில்லை. அடித்த எழுத்துகள் எல்லாம் எங்கேயோ நின்று, பிறகு கூட்டமாக வந்து விழுந்தன.

"நீ சொல்லு மோளே," என்றார் சுவாமிதாஸ். பஸ் ஓட்டி ரிட்டயரானவர், கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. "பாட்டு கேட்டா கம்ப்யூட்டருக்குக் கேடா?"

"கேட்டா கேடில்ல மாமா. எறக்கி எறக்கி வச்சா..."

"நான் எங்க வச்சேன்? எறக்குதேன், கேக்குதேன், அது தீந்து போவுது. ரேடியோவுல படிச்ச பாட்டு ரேடியோக்குள்ளயா கெடக்கு?"

லிபி அதைக் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரை மறுபடி அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளா," என்றாள் ராகேல், "வெள்ளிக்கிழம கழியுற வர நீங்க அந்தப் பக்கம் போவாண்டாம்."

"செரி. தொடல்ல. பொறவும் அது மெதுவா ஓடினா உனக்க நாக்கை நான் என்ன செய்யட்டும்?"

"அதுக்கும் ஏதாவது ஆப் இருந்தா எறக்கிப் போடுங்க."

சுவாமிதாஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வியாழக்கிழமை காலை கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். வழக்கமாக அந்த நேரத்துக்கு முன்னறையில் ஏதாவது ஒரு கீர்த்தனை ஓடும்; அவர் கூடவே அடிக்குரலில் பாடிக்கொண்டிருப்பார். அன்று குக்கரின் விசில் மட்டும்தான் கேட்டது.

"என்ன, சாவு வீடு மாதிரி இருக்கு?" என்று ராகேல் அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"நீதான போவாண்டாம்னு சொன்ன?"

"கம்ப்யூட்டரைத்தான் சொன்னேன். உங்களுக்க தொண்டையையுமா பூட்டச் சொன்னேன்?"

"தனியாப் படிச்சா எனக்குச் சுருதி நிக்காது."

மத்தியானம் லிபி மறுபடி மாதிரி டெஸ்டைப் போட்டாள். சுவாமிதாஸ் பின்னால் வந்து நின்றார். டாக்டர் பேசினார், லிபி அடித்தாள், திரை அசையவில்லை. பிறகு எல்லாமே நின்றுபோனது.

"பாத்தியா! ஒரு நாளா நான் தொடல்ல..." என்று ஆரம்பித்தவர், திரும்பிய மருமகளின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினார்.

"மாமா, நான் கம்பெனிக்கு மெயில் போட்டு வரல்லன்னு சொல்லட்டா?"

"எதுக்கு மோளே?"

"டெஸ்டுல ரெண்டு தடவ நின்னுட்டா பின்னே கூப்பிடவே மாட்டாங்க. எழுதாம விட்டா எப்பவாவது மறுபடி கேக்கவாவது செய்யலாம்."

ராகேல் ஈரக் கையோடு வந்து நின்றாள். "ஜெயன் என்ன சொல்லுதான்?"

"புதுசு ஒண்ணு பொறவு பாக்கலாம்னு சொல்லுதாங்க மாமி. நாளைக்குப் பதினொண்ணு மணிக்கு முன்னாடி எங்க போய்ப் பாக்க?"

லிபி மெயிலை அடிக்க ஆரம்பித்தாள். அதுவும் மெதுவாகத்தான் வந்தது. டெஸ்ட் நின்றுபோன திரையைப் படமெடுத்துக் கூடவே அனுப்பலாம் என்று சேமிக்கப் போனாள். சேமிக்க இடமில்லை என்று ஒரு வரி வந்தது.

"எடமே இல்லியாம் மாமா."

"என்னத்துக்க எடம்?"

லிபி, இறக்கியவை எல்லாம் போய் விழும் ஃபோல்டரைத் திறந்தாள். திறக்கவே வெகுநேரம் பிடித்தது. பிறகு வரி வரியாக வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரே பாட்டின் பெயர், அதன் வாலில் ஒன்று. அதே பெயர், வாலில் இரண்டு. அவள் கீழே தள்ளத் தள்ள, வால் நம்பர் நூறைத் தாண்டியது.

"மாமா, இந்தப் பாட்டை எத்தன தடவ எறக்கினிய?"

"கேக்கணும்னு தோணும்போ எல்லாம்."

"தெனமுமா?"

"பின்னே? லிங்கராஜ் அப்படித்தான படிப்பிச்சுத் தந்தான். பேரை அடி, அம்புல அமுக்கு, பாட்டு எறங்கும், கேளுன்னு." லிங்கராஜ், பாடகர் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்.

"மாமா, ஒரு தடவ எறக்கினா போதும். அது இங்கயே கெடக்கும்."

"கெடக்குமா?"

"எல்லாம் கெடக்கு. பாருங்க."

சுவாமிதாஸ் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ராகேலும் குனிந்தாள்.

"மூணு வருசமா தெனம் ஒரு புதுச் சட்டை வாங்கி, உடுத்து, கட்டிலுக்கு அடியில எறிஞ்சிருக்கிய," என்றாள் அவள்.

"சும்மா இரிட்டி. மோளே, மேல போ. இன்னும் மேல. அதா! ராகேலே, பெங்களூர்ல நாலு பேரு சேந்து படிச்ச அந்தப் பாட்டு! அதை நெட்டுல இருந்தே எடுத்துட்டாங்கன்னு லிங்கராஜ் சொன்னான். எவ்வளவு தேடினேன்! இங்கயா கெடக்கு?"

"உங்களுக்க மூக்குக்குக் கீழதான் கெடக்கு."

"அப்போ பாட்டுதான் குத்தமா?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"பாட்டு பாட்டுக்குக் கெடந்தா ஒரு பிரச்சினையும் இல்ல மாமா. சபைக் கன்வென்ஷன் கூட்டத்தை முழுசா வீடியோவாவே எறக்கியிருக்கிய, அதுவும் பத்துப் பத்துத் தடவ. கம்ப்யூட்டருக்குக் கையைக் காலை நீட்ட எடமில்ல, அதான்." லிபி திரையின் மூலையைக் காட்டினாள். "இந்தப் பச்சை அம்பு என்ன?"

"அது வேகமா எறக்குத சாதனம். லிங்கராஜ்தான் போட்டுத் தந்தான்."

"நீங்க தொடாட்டியும் இது தன்னால எழும்பி, பாதியில நின்னதை எல்லாம் எறக்கிட்டே இருக்கு. இப்பவும் எறக்கப் பாக்குது."

"அப்போ ஜெயிச்சது யாரு?" என்று ராகேல் கேட்டாள். "நானா, அவியளா?"

"பாதி பாதி மாமி. அந்த மெயில் மட்டும் தோத்துட்டு." எழுதிய பாதி மெயிலை லிபி அழித்தாள்.

மூவருமாக உட்கார்ந்தார்கள். சுவாமிதாஸ் ஒவ்வொரு பாட்டையும் பெயர் சொல்லி, இது ஒன்று இருக்கட்டும் என்பார். லிபி அந்த ஒன்றை விட்டு வால்களை எல்லாம் அழிப்பாள். நடுவில் ராகேல் திரையைத் தொட்டாள்.

"நில்லு பிள்ளே. இது என்ன? இது சினிமாப் பாட்டுல்லா? காதல் பாட்டு! வாலுல நாப்பதுன்னு போட்டிருக்கு!"

"அது... கிறிஸ்மஸ் பாட்டு ஒண்ணுக்கு இதே மெட்டாக்கும்."

"நாப்பது கிறிஸ்மஸா கொண்டாடினிய?"

"உன்னை நெனச்சுத்தான் கேட்டேன்னு வச்சுக்க."

"போவும் ஓய்," என்று ராகேல் அடுக்களைக்குப் போய்விட்டாள். போகும்போது சிரித்தது லிபிக்குக் கேட்டது.

பச்சை அம்பை எடுத்து எறிந்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள் லிபி. சாயா ஆறுவதற்குள் அது எழுந்து உட்கார்ந்தது. மாதிரி டெஸ்டில் டாக்டர் நெஞ்சு என்றபோது திரையிலும் நெஞ்சு வந்தது. சுவாமிதாஸ் பெருமூச்சு விட்ட சத்தத்தில் லிபி ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு லிபி முன்னறைக் கதவைச் சாத்தினாள். ராகேல் மிக்ஸியைத் தொடவில்லை. சுவாமிதாஸ் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். வளைவில் ஸ்கூட்டரில் மீன்காரன் வருவது தெரிந்ததும் இரண்டு கையையும் தூக்கி ஓடினார்.

"ஓய், ஹார்ன் அடிக்காண்டாம்! உள்ள பரீட்சை நடக்குது!"

"யாருக்கு சாரே? பிள்ளைக்கா?"

"பிள்ளைக்க அம்மைக்கு. போ, போ, உருட்டிட்டுப் போ."

உள்ளே லிபிக்கு அது எதுவும் தெரியாது. டாக்டர் வேகமாகத்தான் பேசினார். இரண்டு மருந்தின் பெயரில் அவள் தடுமாறினாள். ஆனால் அந்தத் தடுமாற்றம் அவளுடையது. விரல் அடித்த எழுத்து அப்போதே திரையில் இருந்தது. தப்பைப் பார்த்தாள், திருத்தினாள், டாக்டரை எட்டிப் பிடித்துவிட்டாள்.

சாப்பிட்டு முடிக்கும்போது போன் வந்தது. மலையாளத்தில் ஒரு பெண் பேசினாள். லிபி "உவ்வு" என்று இரண்டு தடவை ஆமோதித்துவிட்டு, போனைக் கையால் மூடினாள்.

"என்ன சொல்லுதாவ?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"எடுத்தாச்சாம் மாமி. முதல்ல ஒரு மாசம் பாப்பாங்களாம். எப்போ தொடங்க முடியும்னு கேக்குதாங்க. மத்தியானம் மோனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணுமே..."

"பஸ் ஓட்டினவனுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வரத் தெரியாதா?" என்றார் சுவாமிதாஸ். "நான் போறேன்."

"என்ன பாக்குத பிள்ளே?" என்றாள் ராகேல். "அந்தப் பொண்ணு போனை வச்சிறப் போறா. என்னைக்குன்னு சொல்லு."

திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கலாம் என்று லிபி மலையாளத்தில் சொன்னாள்.