கேள்வி முடியுமுன்

சைக்கிள் மணியின் மேல் ஒரு விரல், அடிக்கவும் இல்லை எடுக்கவும் இல்லை, நகத்தின் நுனியில் மட்டும் பழைய மருதாணி, அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நான் கேள்வியைப் படிக்கிறேன், படிக்கும்போதே தெரிகிறது, இவள் என்னை முடிக்க விடமாட்டாள், இவள் என்றால் தங்கபுஷ்பம், தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கிற ஆபரேட்டர், பாதி ஊருக்கு முகம் தெரியாது, குரல் தெரியும், நான் அதே கட்டடத்தின் மாடியில் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிற குமாஸ்தா, ஆனால் மனமகிழ் மன்ற ஆண்டு விழா அன்று மட்டும் நான்தான் ராஜா, வினாடி வினா நடத்துகிறவன் அல்லவா, பஸ்ஸர் வாங்க மன்றத்துக்கு வக்கில்லை, ஆகவே போட்டிக்கு வருகிறவர்கள் அவரவர் சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி வந்து மேஜையில் நட்ட கம்பியில் முடுக்கிவிட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம், விழா முடிந்ததும் மணியை மறந்துவிட்டு ஆளாளுக்கு ஓரம் ஓரம் என்று கத்திக்கொண்டே வீடு போய்ச் சேர்வார்கள்.

முதலாம் பானிபட் போர் என்று தொடங்கினால் போதும், டிரிங், ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு, எந்த வைட்டமின் குறைந்தால் ஈறுகளில், டிரிங், சி, காப்பியம் என்றாலும் டிரிங், கண்டம் என்றாலும் டிரிங், நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, கேள்வி முடியட்டும் மேடம், என்பேன், கூட்டம் சிரிக்கும், அவளும் சிரிப்பாள், அடுத்த கேள்விக்கு அந்த விரல் இன்னும் சீக்கிரம் பாயும், அப்படித்தான் அந்தக் கடைசிக் கேள்வியும் வந்தது, இரண்டு மேஜைகளும் சமநிலை, சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் மூச்சு விட்டேன், உலகின் மிக நீளமான நதி, என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றேன், டிரிங், நைல், என்றாள், ஐயோ, கேள்வி அதுவல்ல, உலகின் மிக நீளமான நதி எந்தக் கடலில் கலக்கிறது என்பதல்லவா கேள்வி, மத்தியத்தரைக் கடல் என்று அடுத்த மேஜை சாவகாசமாகச் சொல்லிவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சைக்கிள் ஸ்டாண்டில் என்னை மறித்துக்கொண்டாள், நீங்க அந்த இடத்துல மூச்சு விட்டதாலதான் சார் நான் அடிச்சேன், என்றாள், மூச்சு விடக்கூடாதென்று விதியில் இல்லையே என்றேன், மறுநாளும் அதே சண்டை, கேன்டீனில் வடையைப் பிட்டுக்கொண்டே சண்டை, மழைக்கு ஒதுங்கி நின்று சண்டை, சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சப்பென்று இருக்கத் தொடங்கின, பிறகு ஒருநாள் அதே ஸ்டாண்டில் நான் தொண்டையைக் கனைத்து, உங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னா நாம, என்று இழுத்தேன், அவள் தன் சைக்கிள் மணியை டிரிங் என்று அடித்தாள், இல்ல, என்றாள், அவ்வளவுதான் எங்கள் நிச்சயதார்த்தம்.

தொலைக்காட்சி வந்த புதிதில் குடியிருப்பே எங்கள் கூடத்தில், வினாடி வினா நிகழ்ச்சியில் கோட்டு போட்டவர் வாயைத் திறப்பதற்குள் இவள் விடையைச் சொல்லிவிடுவாள், எங்களையும் கொஞ்சம் யோசிக்க விடுங்கக்கா என்று அடுத்த வீட்டுக்காரிகள் கெஞ்சுவார்கள், பிரசவ அறையில் நர்ஸ், உங்க ரத்தம் என்ன, என்பதற்குள் வலியோடு வலியாக ஓ பாசிட்டிவ் என்று கத்துகிறாள், வெளியே நின்று கேட்ட எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது, நான் தோசை கேட்கப் பாதி வாய் திறந்தால் சட்னி தீர்ந்துபோச்சு என்று பதில் வரும், இப்படி ஒருத்தியோடுதான் இத்தனை வருஷமும் வாழ்ந்தேன், ஒரு காலையில் அவள் அடுப்படியில் நின்று எதையோ கேட்க வாயைத் திறந்தாள், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வார்த்தை வரவில்லை.

பக்கவாதம், மூளையின் இடது பக்கம், பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள், கால் மெல்லத் திரும்பியது, கை திரும்பியது, குரல் மட்டும் எங்கோ லைன் கிடைக்காமல் நின்றுவிட்டது, பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பர்வீன் என்ற பெண், சார், நீங்களே முந்திக்கிட்டுப் பதில் சொல்லிராதீங்க, வாக்கியத்தப் பாதியில விட்டுட்டு அவங்க முகத்தயே பாருங்க, என்றாள், நானும் விட்டேன், இந்தியாவின் தலைநகர், என்பேன், சூரியன் உதிக்கும் திசை, என்பேன், உதடு குவியும், கண் பளிச்சென்று வரும், அப்புறம் ஒன்றும் வராது, அவளுக்கு ஆத்திரமாக வரும், நான் கொல்லைப்புறம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

ஒருநாள் பரணில் ஏறி அவளுடைய பழைய மணியைத் தேடியெடுத்து, எண்ணெய் போட்டு, அவள் பிடித்து நடக்கிற வாக்கரில் முடுக்கிவிட்டேன், அன்றிலிருந்து வீட்டில் மறுபடி சத்தம், தண்ணீருக்கு டிரிங், மின்விசிறிக்கு டிரிங், நான் போனில் நீட்டிப் பேசினால் போதும் நிறுத்து என்று டிரிங் டிரிங், வாய்தான் போச்சு வாயாடித்தனம் போகவில்லை என்று நான் கேலி செய்ய, அதற்கும் ஒரு டிரிங்.

இன்றைக்கு இதோ, சாயங்காலம், ஜன்னலில் உப்புக் காற்று, எதிரே அவள், வாக்கரின் மணியில் அந்த விரல், மருதாணி இல்லை, சுருக்கம் இருக்கிறது, நான் இல்லாத கண்ணாடியை இறக்கிவிடுகிற பாவனையில் குரலை உயர்த்துகிறேன், இப்போது கடைசிக் கேள்வி, உலகின் மிக நீளமான நதி, என்று சொல்லி அதே இடத்தில் மூச்சு விட்டு நிற்கிறேன், அடி புஷ்பம், தப்பாகவே சொல், நைல் என்று சொல், முழு மதிப்பெண்ணும் உனக்குத்தான், விரல் துடிக்கிறது, மணி அடிக்கவில்லை, நான் காத்திருக்கிறேன், அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கிறாள், கோணிய உதட்டோரம் ஒரு சிரிப்பு புறப்படுகிறது, தொண்டைக்குள் ஏதோ உருள்கிறது, கேள்வி, என்கிறாள், முடி, என்கிறாள், மூச்சு வாங்குகிறாள், முடியட்டும், சார்.

சார் என்கிறாள், எத்தனை காலத்துக்கு அப்புறம், முடிக்க வேண்டும், எந்தக் கடலில் கலக்கிறது என்று கேட்டுவிட வேண்டும், அவள் விரலை மணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாகக் காத்திருக்கிறாள், எனக்குத்தான் குரல் வரவில்லை, என் விரல்தான் போய் அந்த மணியை அடிக்கிறது.