அழுத்தம் போதுமா?

அந்தச் சத்தம் ஹமாசாகியின் காதில் விழவில்லை. கட்டை விரலில் விழுந்தது.

ஈரக் குச்சி முறிகிற மாதிரி ஒரு ‘கிட்’. தரையில் விரித்த மெத்தையில் தோமிகோ அம்மாள் குப்புறப் படுத்திருந்தாள். வலது தோள்பட்டைக்குக் கீழே, துணி போர்த்திய முதுகில், கட்டை விரலின்மேல் கட்டை விரலை அடுக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் அவர் இறக்கிய கணத்தில்தான் அது நடந்தது.

"அழுத்தம் போதுமா, தோமிகோ சான்?"

"சரியா இருக்கு, சென்செய்."

தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது. ஆனால் ஒரு மூச்சு தள்ளி வந்தது.

ஒனோமிச்சி கடைத்தெருவில் வெகு காலமாக விரல் அழுத்த வைத்தியம் பார்ப்பவர் ஹமாசாகி. வாசல் பலகையில் ஷியாட்சு என்று எழுதியிருக்கும். அரசாங்க உரிமம் சுவரில் சட்டத்துக்குள் தொங்கும். தெருவே அவரை ‘சென்செய்’ என்றுதான் கூப்பிடும். ஆசானுக்கும் வைத்தியருக்கும் கொடுக்கிற மரியாதை அது; மற்றவர்களுக்குப் பொதுவாக ‘சான்’. தோமிகோ அம்மாளைப் போல எழுபதைத் தொட்ட உடம்பில் எவ்வளவு பாரம் இறக்கலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு ரோஷம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ரோஷத்தை மூட்டியவன் படகு மெக்கானிக் கனேஷிகே. திரைக்கு அந்தப் பக்கம் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தான். வாய் மட்டும் உட்காரவில்லை.

"ஸ்டேஷன் எதிர்ல புதுசா ஒரு கடை போட்டிருக்கானுங்க, சென்செய். எல்லாம் சின்னப் பசங்க. ஆனா அமுக்கினானுங்கன்னா எலும்பு வரைக்கும் எறங்குது! நம்ம கடையில என்னடான்னா, பூனையைத் தடவுற மாதிரி இருக்கு."

தோமிகோ அம்மாள் தலையணைக்குள்ளேயே சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவரை உசுப்பிவிட்டது. பூனையைத் தடவுகிறேனா? இதோ பார்.

‘கிட்.’

எழுந்து உட்கார அந்த அம்மாளுக்குச் சுவர் தேவைப்பட்டது. "ஒடம்பே லேசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனாள். நெட்டி முறிந்திருக்கும் என்று ஹமாசாகி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசு நம்பத் தயாராக இருந்தது. விரல் நம்பவில்லை.

மறுநாள் காலை மிசோ சூப்பில் சோயாப் பால் கட்டியான டோஃபு இல்லை.

"தோமிகோ சான் கடை ஷட்டர் எறக்கியிருக்குங்க" என்றாள் மனைவி சுமியே. கடையில் வரவேற்பு மேஜையும் வீட்டில் அடுப்பும் அவள் ராஜ்ஜியம். "புருஷன் சாவுக்கு மறுநாளே டோஃபு போட்ட மனுஷி. எனக்கு என்னமோ மாதிரி இருந்துது. பக்கத்துல விசாரிச்சேன்."

ஹமாசாகியின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. "என்னவாம்?"

"கோயில் படியில வழுக்கிட்டாங்களாம். கணுக்கால் பிசகிடுச்சாம்."

அப்பாடா!

நெஞ்சின் மேலிருந்த கல் உருண்டு போன மாதிரி இருந்தது. கால்தானே! விலா இல்லையே! ஆனால் அந்த ‘அப்பாடா’ தொண்டையைத் தாண்டுவதற்குள் முகம் சுட்டது. தனியாக இருக்கிற ஒரு வயதான மனுஷி படியில் விழுந்தாள் என்று கேட்டு நிம்மதிப்படுகிறேனே, நான் என்ன ஜென்மம்? சூப்பைக் குடித்துவிட்டுக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணுக்கால் கதையையும் விரல் நம்பவில்லை; பயம் திரும்பி வந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு தேதியும் இருந்தது. வருகிற திங்கட்கிழமை முதியோர் தினம். ஊர் மண்டபத்து மேடையில் அவர் அழுத்த வைத்தியம் செய்து காட்டப் போகிறார். மேடையில் படுக்கப் போகிறவள் தோமிகோ அம்மாள்தான். வியாபாரிகள் சங்கம் தெரு நெடுக சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்; கீழே, ‘மூத்த உடம்புக்கு நோகாத விரல்கள்’ என்று பெரிய எழுத்து. விலா எலும்பை உடைத்த விரல்கள் என்று தெரிந்தால் அந்தப் பெயர் என்னவாகும்?

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தினமும் செருப்பில் காலை நுழைப்பார். டோஃபு கடைக்கு மேடேறும் சந்து வந்ததும் கால் துறைமுகப் பக்கம் திரும்பிவிடும். அந்தப் பாதையிலும் அவர் முகம் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மதியம் தோமிகோ அம்மாளே வந்துவிட்டாள்.

இடது காலை இழுத்து இழுத்து நொண்டிக்கொண்டு வந்தாள். கையில் பட்டுத் துணியில் முடிந்த ஒரு இனிப்புப் பெட்டி. பெஞ்சில் கனேஷிகே உட்கார்ந்திருந்தான். சுமியே மேஜையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சென்செய், மன்னிக்கணும். திங்கட்கிழமை என்னால மேடைக்கு வர முடியாது. என் கவனக்குறைவு, உங்களுக்கு எவ்வளவு பெரிய சங்கடம்!"

சொல்லிக்கொண்டே குனிந்து வணங்கினாள். வணக்கம் பாதியில் நின்றது. முகம் அவளுடைய டோஃபு மாதிரியே வெளுத்து வேர்த்தது. உதட்டில் மட்டும் சிரிப்பு அப்படியே இருந்தது.

"கணுக்காலுக்கா இப்படி வேர்க்குது?" என்றான் கனேஷிகே. "வெளியில வெயிலே இல்லையே."

"நீ வாயை வாடகைக்கு விட்டா மாடி வீடு கட்டலாம்டா, கனேஷிகே. சும்மா இரு" என்றாள் சுமியே, போனைக் கையால் பொத்திக்கொண்டு.

இதுதான் நேரம். ஹமாசாகிக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"ஒடம்பைப் பாத்துக்குங்க" என்றார்.

அவ்வளவுதான் வந்தது. தன் குரல் தனக்கே கேட்டது. யாரோ அயோக்கியன் பேசுகிற மாதிரி இருந்தது.

"ரொம்ப நன்றி, சென்செய்" என்று அந்த அம்மாள் திரும்பி நடந்தாள். இப்போது வலது காலை இழுத்தாள்.

ஹமாசாகி பார்த்தார். சுமியேயும் பார்த்தாள், போனில் பேச்சு நின்றுவிட்டது.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, விருந்தாளி விடைபெறுகிற முறைப்படி, தோமிகோ அம்மாள் திரும்பி நின்றாள். கைகளைத் தொடையில் சேர்த்தாள். இது பெரிய வணக்கம். இடுப்பிலிருந்து ஆழமாகக் குனிய வேண்டும். முதுகு வளையத் தொடங்கியது. ஹமாசாகியின் கட்டை விரலில் அந்தக் ‘கிட்’ மறுபடி விழுந்தது.

"குனியாதீங்க!"

தெரு வரைக்கும் கேட்கிற கத்தல்.

"அந்த விலா எலும்போட குனியக் கூடாது!"

விலா என்று அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை. கனேஷிகேயின் வாய் திறந்தபடியே இருந்தது. முதல்முறையாக அதிலிருந்து எதுவும் வரவில்லை.

ஹமாசாகி வாசலுக்கு வந்து, செருப்புகள் கிடக்கும் தரையிலேயே மண்டியிட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி நெற்றியை வைத்தார்.

"நான்தான் ஒடச்சேன். அன்னிக்கே விரலுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க படியில விழுந்தீங்கன்னு கேட்டப்போ..." நெற்றியைத் தரையில் இன்னும் அழுத்தினார். "நிம்மதியா இருந்துது, தோமிகோ சான். எனக்கு நிம்மதியா இருந்துது."

உடைத்ததைச் சொல்வதுகூட அவ்வளவு கஷ்டமாக இல்லை. இதுதான் கஷ்டமாக இருந்தது.

"எழுந்திருங்க முதல்ல!" தோமிகோ அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மனுஷன் நீங்க! டாக்டர்கிட்டப் பொய், அக்கம்பக்கத்துல பொய், மேட்டுலேர்ந்து இங்க வரைக்கும் நொண்டிக்கிட்டே எறங்கி வந்திருக்கேன். அத்தனையையும் ஒரே வார்த்தையில கவுத்துட்டீங்களே!"

"கால் மாத்தி நொண்டினீங்க" என்றாள் சுமியே மெதுவாக.

"மாத்திட்டேனா?" அந்த அம்மாளின் முகம் சிவந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சு விட்டாள். "எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நீங்க கேட்டீங்க. நான் சரியா இருக்குன்னுட்டேன். தப்புல பாதி என்னோடது."

"இல்ல." ஹமாசாகி தலையைத் தூக்கவில்லை. "நான் பதிலுக்காகக் கேக்கல. வாய்ப் பழக்கமாக் கேட்டேன்."

சாயங்காலமே சங்கத்துக்குப் போய் மேடை வேண்டாம் என்று சொன்னார். உடம்பு சரியில்லை என்று போட்டுக்கொள்ளலாமே என்று செயலாளர் வழி காட்டினார். அந்த வழி எவ்வளவு சொகுசு என்பது ஹமாசாகிக்கு அந்த வாரம் முழுவதும் தெரிந்திருந்தது. காரணத்தைச் சொன்னார். பிறகு ஒரு வாளித் தண்ணீரும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு சுவர் சுவராகத் தன் முகத்தைச் சுரண்டினார். பசை நல்ல பசை. சிரிப்பு லேசில் வரவில்லை.

மறுநாள் காலை டோஃபு கடையின் ஷட்டர் மேலே ஏறியது. ஏற்றியவர் ஹமாசாகி. எலும்பு கூடும் வரைக்கும் காலை வேளைகளில் வைத்தியக் கடைக்குப் பூட்டு என்று சுமியே வாசலில் எழுதி ஒட்டிவிட்டாள்.

தோமிகோ அம்மாள் நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து வேலை ஏவினாள். பெட்டிகளைத் தூக்கினார், அது வந்தது. சோயாப் பால் கொதித்தபோது கிண்டினார், அதுவும் வந்தது. குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து கட்டியை எடுக்கப் போனபோதுதான் கட்டை விரல்கள் உள்ளே போய்விட்டன.

"அழுத்தம் ஜாஸ்தி!" என்று கத்தினாள் அந்த அம்மாள். கத்தியதில் விலா வலித்து, முகத்தைச் சுளித்தாள். ஆனால் சுளிப்பை மறைக்கவில்லை.

முதலில் வந்தவள் மீன் கடைக்காரி. "என்ன சென்செய், நீங்க இங்க?"

"நான் படியில விழுந்துட்டேன் இல்ல, அதான் பாவம்..." என்று தோமிகோ அம்மாள் ஆரம்பித்தாள். பழக்கம் விடவில்லை.

ஹமாசாகி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இல்லைங்க. இவங்க விலா எலும்பை நான் ஒடச்சிட்டேன்."

மீன் கடைக்காரி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் காசை வைத்துவிட்டு ஓடினாள். அடுத்து வந்தவர்களிடமும் அதே கதை. நாலு பேரிடம் சொன்னால் கூச்சம் விட்டுப்போகும் என்று அவர் நினைத்திருந்தார். விடவில்லை. ஒவ்வொரு முறையும் காது மடல் புதிதாகச் சுட்டது.

கனேஷிகே வந்தான். எதுவும் கேட்கவில்லை. விரல் ஓட்டை விழுந்த கட்டிகளைச் சுட்டிக் காட்டினான்.

"அதையே குடுங்க, சென்செய். நானும்தான் அன்னிக்கு..." முடிக்காமல் தலை குனிந்து, பையை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஹமாசாகி மறுபடி தொட்டியில் கையை விட்டார். இந்த முறை உள்ளங்கையைக் கட்டிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அழுத்தம் போதுமா, தோமிகோ சான்?"

கேட்டுவிட்டு, அந்தக் குளிர்ந்த தண்ணீரிலேயே கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அம்மாள் முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இன்னும் லேசா" என்றாள். "இன்னும்."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஹமாசாகியின் காதுகள் சுடத் தொடங்கிவிட்டன.